விளையாட்டு விரிப்பே பொம்மை மூட்டையாக: சுருக்குப்பைக் கணக்கில் தைப்பது எப்படி

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நாலு வயதுப் பெண், ஒன்றரை வயதுப் பையன். அடுக்கு கட்டைகளும் சொப்புச் சாமானும் கூடம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. தரையில் வட்டமாக விரித்து விளையாடிவிட்டு, கயிற்றை இழுத்தால் அப்படியே மூட்டையாகிவிடும் விரிப்பு ஒன்றைப் படத்தில் பார்த்து, பழைய பெட்ஷீட்டில் நீங்களே தைத்துப் பார்த்திருக்கிறீர்கள். இரண்டு குறைகள் வந்தன. ஓரத்தை மடித்து நாடாப்பட்டி தைத்த இடமெல்லாம் நெளிநெளியாகிவிட்டது. கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் வாய் முழுசாக மூடவில்லை. நடுவில் நிற்கும் ஓட்டை வழியாகச் சின்னச் சாமான்கள் விழுகின்றன. மிதி மெஷின் இருக்கிறது, பாவாடையும் பிளவுஸும் தைக்கத் தெரியும், இதை எப்படிச் சரிசெய்வது, கயிறு எவ்வளவு வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள்.

இரண்டு குறைக்கும் உங்கள் கை காரணமில்லை. பாவாடைக்கு நாடாப்பட்டி தைக்கும் முறையை வட்டத் துணியில் செய்தால் யாருக்கும் இப்படித்தான் வரும். பாவாடையின் மேல் ஓரம் நேர்க்கோடு. அதை எத்தனை இன்ச் மடித்தாலும் மடித்த பகுதியும் கீழே இருக்கும் துணியும் ஒரே நீளம்தான். வட்டத்தில் அப்படி இல்லை. உங்கள் விரிப்பின் ஆரம் 22 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். வெட்டிய ஓரத்தின் சுற்றளவு சுமார் 138 இன்ச். அதை ஒரு இன்ச் உள்ளே மடித்தால் அந்த ஓரம் 20 இன்ச் ஆரமுள்ள வட்டத்தின் மேல் போய் உட்கார வேண்டும். அங்கே சுற்றளவு 126 இன்ச்தான். மிச்சம் பன்னிரண்டு இன்ச் துணிக்கு இடமே இல்லை. அதுதான் மடிப்பு மடிப்பாக நெளிந்து நிற்கிறது. இஸ்திரி போட்டாலும் போகாது, மெதுவாகத் தைத்தாலும் போகாது. வட்டத்தில் ஓரத்தை மடித்து நாடாப்பட்டி எடுப்பதையே விட்டுவிட வேண்டும்.

வாய் மூடாததற்குக் காரணம் வேறு. அதற்கு நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை நினைத்துப் பாருங்கள். வெற்றிலை, பாக்கு, சில்லறை எல்லாம் அதில் இருக்கும். குனிந்து நிமிர்ந்து வேலை செய்வார்கள், ஒரு நாலணா கீழே விழாது. அந்தப் பையில் கயிறு வாயின் விளிம்பில் ஓடாது. விளிம்பிலிருந்து ஒரு இன்ச்சோ ஒன்றரை இன்ச்சோ கீழே ஓடும். இழுத்ததும் கயிற்றுக்கு மேலே இருக்கும் துணி பூப்போல விரிந்து, பிறகு ஒன்றோடொன்று நெருங்கி, நடு ஓட்டையை அடைத்துவிடும். அழகுக்காக விட்டது போலத் தெரியும் அந்தக் கொசுவம்தான் பைக்கு மூடி. கயிறு விளிம்பிலேயே ஓடினால் அடைக்கத் துணி இருக்காது. சுருங்கிய துணிக்கும் ஒரு கனம் உண்டு அல்லவா? நூற்றுச் சொச்சம் இன்ச் துணி ஒரு வளையமாக நெருங்கும்போது அந்தக் கனமே நடுவில் ஓர் இடைவெளியைப் பிடித்துவைத்துவிடும். துணி தடிமனாக ஆக ஓட்டை பெரிதாகும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் அக்கா பேரனுக்கு முதன்முதலாக இப்படி ஒன்று தைத்தபோது, தரைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று பவானி ஜமுக்காளத்தை வட்டமாக வெட்டி, விளிம்பிலேயே கயிறு கோத்துக் கொடுத்தேன். விரித்தால் அருமையாக இருந்தது. மூட்டையாகத் தூக்கிக்கொண்டு அக்கா மாடிப்படி ஏறும்போது, கழுத்தில் என் முஷ்டி நுழையும் அளவுக்கு இருந்த ஓட்டை வழியாக மரப் பம்பரமும் சொப்புகளும் ஒவ்வொன்றாகப் படியில் உருண்டன. அப்புறம் பேரன் அதை வெறும் விரிப்பாகத்தான் வைத்திருந்தான். ஜமுக்காளம் உட்காருவதற்கு நெய்யப்பட்டது, சுருங்குவதற்கு இல்லை.

ஆகவே நான் சொல்லப்போகும் முறையில் மூன்று விஷயங்கள் மாறும். ஓரத்தை மடிப்பதற்குப் பதில் இரண்டு வட்டத் துணிகளைச் சேர்த்துத் தைத்துத் திருப்புகிறோம். கயிறு விளிம்பிலிருந்து இரண்டு இன்ச் உள்ளே ஓடும். கயிறும் ஒரே இடத்தில் வெளியே வராமல், முனையே இல்லாத வளையமாக, நாலு பக்கமும் பிடிபோல வெளியே தெரியும். கடைசியாகச் சொன்னதுதான் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு மிக முக்கியம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

துணி வாங்கும்போது கையில் கொஞ்சம் பிடித்துக் கசக்கிப் பாருங்கள். ஒரு கைப்பிடிக்குள் அடங்கினால் அது வாயிலும் அடங்கும். தரையில் படும் பக்கத்துக்குக் கேஸ்மென்ட் துணி எடுக்கலாம். மேசை விரிப்பில் எம்பிராய்டரி போட வாங்குவோமே, அதுதான். நடுத்தரக் காடாவும் நன்றாக இருக்கும். ஜீன்ஸ், கெட்டி கேன்வாஸ், சோபாத் துணி எதுவும் வேண்டாம். மேல் பக்கத்துக்கு, அதாவது குழந்தை உட்காரும் பக்கத்துக்கு, பாப்ளின் போதும். உங்கள் பழைய பெட்ஷீட் பருத்தியாக இருந்தால் அதன் நெளிந்த ஓரத்தை வெட்டிவிட்டு அதையே இந்த மேல் பக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம், வீணாகாது.

மேல் பக்கத் துணியில் ஒன்றைக் கவனியுங்கள். அது ஒரே நிறமாக, வெளிர் நிறமாக இருக்கட்டும். கடையில் யானை, பூ, ரயில் எல்லாம் அச்சடித்த துணி பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் சிவப்பும் மஞ்சளும் நிறைந்த துணியில் சிவப்புக் கட்டை எங்கே கிடக்கிறதென்று குழந்தைக்கே தெரியாது. அச்சுத்துணி ஆசையை வெளிப்பக்கத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். மூட்டையாகத் தொங்கும்போது அதுதான் கண்ணில் படும். மேல் பக்கம் வழவழப்பாக இருப்பதும் நல்லது. இழுக்கும்போது சாமானெல்லாம் தானாக நடுவுக்குச் சரிந்து வர வேண்டும். வெல்வெட், பிளானல் மாதிரித் துணியில் கட்டைகள் அங்கங்கே பிடித்துக்கொண்டு நிற்கும். ரெக்சின், தார்ப்பாய், பிளாஸ்டிக் துணி ஆகவே ஆகாது. குழந்தை தலைமேல் கவிழ்த்துக்கொண்டால் காற்றுப் போகாது.

நான் ஈரோட்டுக்காரி என்பதால் எனக்கு ஜவுளிச் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. எந்த ஊராக இருந்தாலும் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள். இரண்டு துணியையும் வெட்டுவதற்கு முன் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். வெளுக்காத காடாவில் கஞ்சி இருக்கும், மீட்டருக்கு இரண்டு இன்ச்கூடச் சுருங்கும். பெட்ஷீட் ஏற்கெனவே பலமுறை துவைத்தது, இனிச் சுருங்காது. ஊறவைக்காத காடாவையும் பழைய பெட்ஷீட்டையும் சேர்த்துத் தைத்தால், முதல் துவைப்பிலேயே ஒரு பக்கம் சுருங்கி விரிப்பு அப்பளம் மாதிரி குழிந்துவிடும். பிரித்துத் தைப்பதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. அடர் சிவப்பு, நீலம் போன்ற நிறமானால் தண்ணீரில் சாயம் போகிறதா என்று இதே சாக்கில் தெரிந்துவிடும். ஒன்றரை வயதுக் குழந்தை துணியின் ஓரத்தை வாயில் வைக்காமல் இருக்காது.

அளவு. 44 இன்ச் பன்னா, அதாவது அகலம், உள்ள துணியில் 42 இன்ச் விட்டமுள்ள வட்டம் வெட்டலாம். இரண்டு குழந்தைகள் எதிரெதிரே உட்கார அது போதும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்றேகால் மீட்டர் வாங்குங்கள். ஊறவைத்த பிறகு அகலம் 42-க்குக் குறைந்துவிட்டால், ஓரக்கரையைத் தள்ளி மீதி எவ்வளவோ அதையே விட்டமாக வைத்துக்கொள்ளலாம். பெரிய விரிப்பாக ஐந்தடியில் வேண்டுமென்று சிலர் கேட்பார்கள். 58 இன்ச் அகலத் துணியில் கிட்டத்தட்ட வந்துவிடும். ஆனால் ஐந்தடி விட்டத்தில் துணியின் பரப்பு இரண்டு மடங்காகிவிடும், உள்ளே சேரும் சாமானும் அப்படியே. அதை நாலு வயதுப் பெண் தூக்க முடியாது. தானே இழுத்து மூடித் தானே தூக்கி வந்து உங்களிடம் கொடுத்தால்தான் இதைத் தைத்ததற்குப் பலன். என்னைக் கேட்டால் 42 தான்.

வெட்டுவதற்குத் துணியை நாலாக மடியுங்கள். மடிப்புகள் சேரும் மூலைதான் வட்டத்தின் மையம். அங்கே டேப்பின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, 21 இன்ச்சில் சாக்பீஸ் பிடித்து, டேப்பைச் சுழற்றிக்கொண்டே இரண்டு இன்ச்சுக்கு ஒரு புள்ளி வையுங்கள். சணல் கட்டி வட்டம் போடுவதைவிட இது நம்பகமானது. சணல் இழுபடும், டேப் இழுபடாது. புள்ளிகளைச் சேர்த்து வெட்டுங்கள். நாலு மடிப்பும் நகராமல் குண்டூசி குத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது துணிக்கு மறுபடி அளக்க வேண்டாம். வெட்டிய வட்டத்தை விரித்து மேலே போட்டு அப்படியே வெட்டுங்கள். அளவில் சின்னத் தவறு இருந்தாலும் இரண்டிலும் ஒரே தவறாக இருக்கும், ஓரம் பொருந்திவிடும்.

வெட்டியதும் நாலு மடிப்பு வரும் இடங்களிலும் ஓரத்தில் கத்தரி நுனியால் கால் இன்ச் அடையாளம் கொடுங்கள், இரண்டு துணியிலும். பிற்பாடு எல்லாமே இந்த நாலு அடையாளத்தைப் பிடித்துத்தான் நடக்கும்.

இப்போது காஜா, அதாவது கயிறு வெளியே வருவதற்குப் பொத்தான் துளை போல ஓரம் தைத்த ஓட்டை. இது வெளிப்பக்கத் துணியில் மட்டும், இரண்டையும் சேர்ப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும். ஒவ்வொரு அடையாளத்துக்கும் நேரே, வெட்டிய ஓரத்திலிருந்து 3 இன்ச் உள்ளே ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிக்கு இடப்பக்கம் முக்கால் இன்ச், வலப்பக்கம் முக்கால் இன்ச் தள்ளி ஒவ்வொரு காஜா. ஆக மொத்தம் எட்டு. ஒவ்வொன்றும் அரை இன்ச் நீளம், மையத்தை நோக்கிய திசையில் இருக்கட்டும். ஓரத்தோடு படுக்கையாக வேண்டாம். பின்பக்கம் ஒரு சின்னப் பக்ரம் (காலருக்குள் வைக்கும் விறைப்பான துணி) துண்டோ அதே துணியில் ஒரு துண்டோ வைத்து எடுத்தால் இழுபட்டுக் கிழியாது. கையால் காஜா எடுக்கத் தெரிந்தால் எடுங்கள். இல்லையென்றால் காஜா மெஷின் வைத்திருக்கும் தையல் கடையில் கொடுத்தால் சில நிமிஷ வேலை. அடையாளத்தை மட்டும் நீங்களே தெளிவாகப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

குழந்தை உட்கார மெத்தென்று வேண்டுமானால் அதற்கும் இப்போதுதான் நேரம். ஸ்பாஞ்ச், பஞ்சு எதுவும் விரிப்பு முழுக்க வைக்காதீர்கள், வாய் சுருங்காது. பழைய நூல் சேலையை மூன்று நாலு மடிப்பாக்கி, 12 இன்ச் ஆரத்தில் ஒரு வட்டம் வெட்டி, வெளித்துணியின் உள்புறத்தில் நடுவில் வைத்து, குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து தையல் போட்டுவிடுங்கள். மூட்டையாகும்போது அந்த நடுப்பகுதி பைக்கு அடியாகிவிடும், ஓரத்துக்கு அதன் கனம் வரவே வராது. அதற்குமேல் மெத்தென்று வேண்டுமென்றால் விரிப்புக்குக் கீழே ஒரு கோரைப்பாயைப் போட்டுக்கொள்வதுதான் சரி.

இரண்டு துணியின் நல்ல பக்கமும் உள்ளே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, முதலில் நாலு அடையாளத்தில் குண்டூசி, பிறகு அவற்றுக்கு நடுவில் ஒவ்வொன்று, பிறகு அதற்கும் நடுவில் என்று குத்துங்கள். வட்டத்தின் சில இடங்களில் ஓரம் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, வரும், அங்கே துணி இழுத்தால் நீளும். ஒரு முனையிலிருந்து வரிசையாகக் குத்திக்கொண்டே போனால் கடைசியில் ஒரு துணி மிஞ்சும். அரை இன்ச் விட்டுச் சுற்றிலும் தையுங்கள். திருப்புவதற்கு எட்டு இன்ச் இடம் விட்டுவிடுங்கள், காஜா இல்லாத இடமாகப் பார்த்து. 16 நம்பர் ஊசி போதும். தைக்கும்போது இரண்டில் எது நெகிழ்வான துணியோ அது அடியில் இருக்கட்டும். மெஷின் பல் அடித்துணியைத்தான் இழுத்துக்கொண்டு போகும், அதனால் சிறு மிச்சம் இருந்தாலும் தெரியாமல் உள்வாங்கிவிடும்.

வளைவு என்றாலே பிளவுஸ் கழுத்து மாதிரி சுற்றிலும் வெட்டுக் கொடுக்க வேண்டுமோ என்று தோன்றும். இங்கே தேவையில்லை. 21 இன்ச் ஆரம் என்பது மிக மெதுவான வளைவு. தையலுக்கு வெளியே இருக்கும் துணியைக் கால் இன்ச்சாக ஒட்ட வெட்டினால் போதும். திருப்பி, தையலை விரலால் உருட்டி விளிம்புக்குக் கொண்டுவந்து, இஸ்திரி போட்டு, விட்ட இடத்தை உள்ளே மடித்துக் குண்டூசி குத்தி, விளிம்பைச் சுற்றி ஒரு ஓரத் தையல் அடித்துவிடுங்கள். திறந்த இடமும் அதிலேயே மூடிவிடும்.

இப்போது கயிறு ஓடும் பட்டி. முடிந்த விளிம்பிலிருந்து 2 இன்ச்சில் ஒரு வட்டத் தையல், 3 இன்ச்சில் இன்னொன்று. நடுவே இருக்கும் ஒரு இன்ச் தடம்தான் நாடாப்பட்டி. காஜாவெல்லாம் அந்தத் தடத்துக்குள் சரியாக விழுந்திருக்க வேண்டும். தைக்கும் முன் ஒருமுறை அளந்து பாருங்கள். கோடு போடாமல் ஒரே சீராகத் தைக்க ஒரு சின்ன வழி: மெஷின் பலகையில் ஊசிக்கு வலப்பக்கம் சரியாக 2 இன்ச்சில் ஒரு டேப் துண்டு ஒட்டி, விரிப்பின் விளிம்பு அந்த டேப்பைத் தொட்டுக்கொண்டே போகும்படி தையுங்கள். அடுத்த சுற்றுக்கு டேப்பை 3 இன்ச்சுக்கு மாற்றுங்கள். இந்த இரண்டு சுற்றுக்கும் அவசரம் வேண்டாம். முன்னால் இருக்கும் துணியைக் கையால் நீவி, இரண்டு மடிப்பும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து மிதியுங்கள். கடைசியாக 13 இன்ச் ஆரத்தில் ஒரு வட்டத் தையல் போட்டால் மேல்துணி உப்பாமல் கீழ்த்துணியோடு ஒட்டி நிற்கும்.

காஜா வேண்டாம், இரண்டு துணி வேண்டாம், இருக்கிற ஒரே துணியில் முடிக்க வேண்டும் என்றாலும் வழி உண்டு. ஓரத்தை ஓவர்லாக் செய்தோ மெல்லிய கிராஸ் பட்டி வைத்தோ முடித்துவிடுங்கள். வேறு துணியில் கிராஸாக ஒன்றேமுக்கால் இன்ச் அகலத்தில் நாலு பட்டி வெட்டி, இரு ஓரமும் மடித்து ஒரு இன்ச் அகலமாக்கி, வெளிப்பக்கத்தில் விளிம்பிலிருந்து 2 இன்ச் உள்ளே வட்டமாக வைத்துத் தையுங்கள். கிராஸ் பட்டி வளைவோடு தானே வளைந்து கொடுக்கும், நெளியாது. ஒரு பட்டி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் ஒன்றரை இன்ச் இடைவெளி விடுங்கள். அந்த நாலு இடைவெளியும் காஜாவின் வேலையைச் செய்துவிடும். ஒவ்வொரு பட்டியும் 27 இன்ச் அளவுக்கு வரும், இரு முனையையும் மடித்துத் தைக்க மேலே ஒரு இன்ச் சேர்த்து வெட்டிக்கொள்ளுங்கள்.

கயிறு எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். பட்டியின் நடுவில் ஆரம் 18 இன்ச். அதை 6.28-ஆல் பெருக்கினால் 113 இன்ச். நாலு பிடிக்கும் தளர்வாக இரண்டிரண்டு இன்ச், முனைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைக்க ஒரு நாலு இன்ச். ஆக 125 இன்ச், அதாவது மூன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றரை மீட்டர் வாங்குங்கள். ஐந்து ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள பின்னல் கயிறாக இருக்கட்டும். பாவாடை நாடா மெல்லியது, இழுக்கும்போது கையை அறுக்கும், துணியோடு உராய்ந்து நிற்கும். சணல் கயிறு பிசிறும். பருத்திப் பின்னல் கயிறு கைக்கு இதமானது. பாலியஸ்டர் இன்னும் வழுக்கிக்கொண்டு ஓடும், குழந்தையின் கைக்கு அதுதான் சுலபம்.

கயிற்றின் நுனியில் ஓர் ஊக்கை மாட்டி ஒரு காஜாவில் நுழைத்து, அடுத்த ஜோடியின் முதல் காஜாவில் வெளியே எடுத்து, ஒன்றரை இன்ச் தள்ளி இரண்டாவதில் மறுபடி உள்ளே விட்டு, இப்படியே சுற்றி வாருங்கள். இரண்டு முனையும் சந்திக்கும்போது முடிச்சுப் போடாதீர்கள், காஜாவில் மாட்டும். முனைகள் இரண்டு இன்ச்சாவது ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி வைத்து, இரட்டை நூலால் பத்துப் பன்னிரண்டு முறை இறுகத் தைத்து, அந்த இடத்தை இரண்டு ஜோடிக் காஜாவுக்கு நடுவில் பட்டிக்குள் நகர்த்திவிடுங்கள். இனி அது வெளியே வர அவசியமில்லை. முனையே இல்லாததால் கயிறு பட்டிக்குள் காணாமல் போவதும் கிடையாது. பாவாடை நாடா ஒரு பக்கம் உள்ளே போய்விட்டு நாம் படும் பாடு இங்கே இல்லை.

ஏன் நாலு பிடி என்று சொல்கிறேன். கடையில் கிடைக்கும் மாதிரிகள் பலவற்றில் கயிறு ஒரே இடத்தில்தான் வெளியே வரும். விரித்திருக்கும்போது சுற்றளவு முழுக்கப் பட்டிக்குள் இருந்த கயிறு, மூடியதும் அத்தனையும் வெளியே வந்துவிடும். நம் அளவுக்கு அது இரண்டரை மீட்டருக்கு மேல். அவ்வளவு நீளக் கயிறு, தவழும் குழந்தை இருக்கும் வீட்டில், தரையில் கிடக்கும். நினைத்தாலே எனக்கு மனசு பதைக்கிறது. நாலு இடத்தில் பிரிந்து வந்தால் ஒவ்வொரு பக்கமும் ஓர் அடி நீள வளையம்தான். நாலையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்தால் அதுவே கைப்பிடி. விரித்திருக்கும்போதோ, கயிற்றின் தளர்வு பிடிக்கு இரண்டு இன்ச்தான், அதுவும் காஜா வெளித்துணியில் இருப்பதால் விரிப்புக்கு அடியில் போய்விடும். குழந்தை விளையாடும் நேரத்தில் கயிறே கண்ணில் படாது.

கயிறு விஷயத்தில் நான் அளவுக்கு மீறிப் பயப்படுவதாக நினைக்க வேண்டாம். குழந்தைகள் மேலாடையின் இழுகயிறு மாட்டி உயிரே போன சம்பவங்களுக்குப் பிறகு அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. தலைமூடாக்கிலும் கழுத்திலும் இழுகயிறே வேண்டாம்; இடுப்பில் இருந்தால் ஆடையை முழுசாக விரித்த நிலையில் 3 இன்ச்சுக்கு மேல் வெளியே தொங்கக் கூடாது; முனையில் முடிச்சோ குமிழோ கூடாது என்றது அது. சட்டைக்குச் சொன்னதுதான், ஆனாலும் விரிப்புக்கும் அந்த மூன்று இன்ச் கணக்கை நான் மீறுவதில்லை. கயிற்றை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் குமிழும் இதனால்தான் வைப்பதில்லை. கழன்று வந்தால் அது ஒன்றரை வயதுப் பையனின் வாய்க்குப் போகும்.

ஆனால் மூடிய மூட்டையில் அந்த ஓரடி வளையம் இருக்கிறது. அதைச் சுற்றி அளந்தால் 25 இன்ச்சுக்கு வரும். ஒன்றரை வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் பதினெட்டரை இன்ச்தான். தலை நுழையும். அதனால் மூடிய மூட்டையைத் தரையிலோ தொட்டில் பக்கத்திலோ விடாதீர்கள். உங்கள் தோள் உயரத்தில் சுவரில் ஒரு கொக்கி அடித்து நாலு வளையத்தையும் சேர்த்து மாட்டுங்கள். பெண் அவளே எடுத்து வைக்கப் பழக வேண்டுமானால், தம்பிக்கு மூன்று வயது தாண்டும் வரை அவள் இழுத்து மூடுவது மட்டும் அவள் வேலை, மாட்டுவது உங்கள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் நடக்கும்: மூட்டைக்குள் தம்பியை உட்காரவைத்து அக்கா கயிற்றை இழுப்பாள். எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த யோசனை வரும். முதல் நாளே, ஆள் உள்ளே இருக்கும்போது இழுக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்துவிடுங்கள். அவள் இழுக்கும் நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

விரிப்பு வந்துவிட்டால் வீட்டில் இருக்கும் சாமானெல்லாம் ஒரே மூட்டையில் சேர்ந்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுசாக அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கக்கூடியது என்று கணக்கு. வீட்டில் கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் வளைத்து வட்டமாக்கினால் ஏறக்குறைய அந்த அளவுதான். அக்காவின் சின்னக் கட்டைகள், சோழி, மணி எல்லாம் அதில் அடங்கிவிடும். அதனால் 30 இன்ச் விட்டத்தில் இன்னொரு சின்ன விரிப்பு அவளுக்கென்று தனியாகத் தைத்துவிடுங்கள். பெரிய விரிப்பு வெட்டியபின் மிஞ்சும் துணி மூலைமூலையாகத்தான் இருக்கும், அதிலிருந்து வராது. பெட்ஷீட்டின் மறுபாதியில் தாராளமாக வரும். கயிற்றுக்கு அதே கணக்கு: முடிந்த ஆரத்திலிருந்து இரண்டரை இன்ச் கழித்து, 6.28-ஆல் பெருக்கி, 12 இன்ச் கூட்டிக்கொள்ளுங்கள். சின்ன விரிப்பை முதலில் தைத்துப் பாருங்கள். காஜா எங்கே விழுகிறது, கொசுவம் வாயை எப்படி அடைக்கிறது என்பதெல்லாம் அதிலேயே கைக்குப் பிடிபட்டுவிடும்.

துவைக்கும்போது கயிற்றோடே துவைக்கலாம். விரித்த நிலையில், வெளிப்பக்கம் மேலே தெரியும்படி கொடியில் போடுங்கள். சுருங்கிய நிலையில் காயவைத்தால் பட்டிக்குள் ஈரம் நின்று, மழைக்காலத்தில் கயிறு கறுத்துவிடும்.